பெட்டிக்குள் இருந்த அட்டை

சொல்ல வேண்டியதைச் சொல்லவும், மறைக்க வேண்டியதை மறைக்கவும் அறிந்திருப்பதே விவேகம் என்பர் பெரியோர். படித்தவர்க்கு இந்த விவேகம் இயல்பாகவே வாய்த்துவிடும் என்று நாம் நெடுநாள் நம்பியிருந்தோம். பட்டம் பெற்று, கல்லூரியில் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லி, ஊரவர்க்கு விண்ணப்பங்களும் கடிதங்களும் எழுதிக் கொடுத்து வாழும் எமக்கு அந்நம்பிக்கை தவறென்று உணர்த்தியது உள்ளங்கை அளவினதான ஓர் அட்டை. அந்த வரலாற்றைச் சொல்வது எமக்குப் பெருமை தருவதன்று. ஆயினும் எம்மைப்போல் இன்னொருவர் அதே பிழையைச் செய்யாதிருக்கட்டும் என்றெண்ணி இங்கே எழுதத் துணிந்தோம்.

எமது ஊர் ஆரையம்பதி. மேற்கே மட்டக்களப்பு வாவி, கிழக்கே கடல், இரண்டுக்கும் நடுவே மணல் நிலம். எம் அன்னையாரின் தமக்கையார், எமக்குப் பெரியம்மா, இவ்வூரிலேயே பிறந்து, இவ்வூரிலேயே வாழ்ந்து எழுபது வயதைத் தாண்டியவர். அன்னையை இளமையிலேயே இழந்த எமக்கு அன்னமிட்டு வளர்த்த கை அவருடையது.

2017ஆம் ஆண்டு வைகாசி மாதம், கண்ணகை அம்மன் திருக்குளிர்த்தி நாளன்று, கோயில் வீதியில் பெரியம்மா மயங்கி விழுந்தார். விரதத்தின் களைப்பென்றே யாவரும் எண்ணினர். வைத்தியசாலையிற் பரிசோதித்தபோது, இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்குச் செல்லவேண்டிய மின் தூண்டல் இடையிலே தடைப்பட்டுவிட்டதென்றும், நாடித்துடிப்பு மிகவும் தாழ்ந்துவிட்டதென்றும் அறிந்தோம். இடப்புறத் தோளெலும்பின் கீழே, தோலுக்கடியில், தீப்பெட்டியினுஞ் சற்றுப் பெரிதான ஒரு கருவியைப் பொருத்தி, அதிலிருந்து மெல்லிய கம்பிகளை இரத்தக்குழாய் வழியாக இதயத்துட் செலுத்தினார்கள். வைத்தியர்கள் அதனைப் பேஸ்மேக்கர் என்றார்கள். பெரியம்மாவோ 'நெஞ்சுக்குள்ள கிடக்கிற மணிக்கூடு' என்று பெயரிட்டார். வீடு திரும்பும்போது கருவியின் விவரங்கள் அச்சிட்ட ஓர் அட்டையையும் கொடுத்தனுப்பினார்கள். 'எங்கு சென்றாலும் இதனைக் கூடவே வைத்திருங்கள்' என்று தாதி ஒருவர் இருமுறை சொன்னதும் எமக்கு நினைவிருக்கிறது. பெரியம்மா அதனைக் காணி உறுதியோடும் சாதகக் குறிப்போடும் சேர்த்து இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். விலைமதிப்புள்ள பொருளுக்கு அவர் அறிந்த இடம் அதுவே.

ஆறு ஆண்டுகள் குறைவின்றிக் கழிந்தன. 2023ஆம் ஆண்டின் தொடக்கத்திற் சோற்றுப் பருக்கை தொண்டையில் தங்குவதாகச் சொல்லத் தொடங்கினார். பிறகு நீரும் சிரமமாயிற்று. சிறு தசைத்துண்டெடுத்துப் பரிசோதித்ததிற் புற்றுநோய் என்று தெரிந்தது. ஐம்பதாண்டு காலம் வெற்றிலையும் புகையிலையும் அவர் வாயை விட்டு நீங்கியதில்லை. புகையிலை சேராத வெறும் பாக்கு வெற்றிலையும் புற்றுநோய்க்குக் காரணமாகுமென உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004ஆம் ஆண்டிலேயே வெளியிட்டுவிட்டது. எமது பகுதியிலோ வெற்றிலை வட்டா வைக்காத வீடு வீடாகாது. பெரியம்மாவுக்குப் பாக்கு இடித்துக் கொடுத்த சிறுவர்களில் நாமும் ஒருவர்.

கதிர்ச் சிகிச்சையே தகுமென்று முடிவாயிற்று. ஏழு வாரங்கள், வாரத்துக்கு ஐந்து நாள், ஆக 35 அமர்வுகள். ஊர்வழக்கில் இதனைக் 'கறண்ட் பிடித்தல்' என்பார்கள். இந்தப் பெயரே பாதிக் குழப்பத்துக்குக் காரணம் என்று இப்போது எண்ணுகிறோம். உடம்பிற் பாய்ச்சப்படுவது மின்சாரமன்று. கண்ணுக்குப் புலனாகாத எக்ஸ் கதிர். 1895இல் றொன்ட்ஜன் கண்டுபிடித்த அதே இனக் கதிரைப் பன்மடங்கு வலுவாக்கிப் புற்றின்மீது குறிவைத்துச் செலுத்துகிறார்கள். இதனைப் பெரியம்மாவுக்கு எடுத்துச் சொல்ல வேண்டிய கடமை எம்முடையது. நாம் சொல்லவில்லை, ஏனெனில் எமக்கும் அது சரிவரத் தெரியாது. நாம் கலைப் பட்டதாரி. பௌதிகம் பள்ளிக்கூடத்தோடு எம்மை விட்டுப் போயிற்று.

வெளியூர் வைத்தியசாலை ஒன்றுக்கு அவரை அழைத்துச் சென்றோம். பெயர் இங்கே வேண்டியதில்லை. குற்றம் அங்கு நிகழவில்லை. முந்தின இரவு தங்கியிருந்த விடுதியில், நோயாளி ஒருவரின் உறவினர் பேச்சுவாக்கில், 'நெஞ்சில் மெசின் வைத்த ஒருவரைக் கறண்ட் பிடிக்க முடியாதென்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம்' என்று சொல்லிவிட்டார். யார், எப்போது, எங்கே என்று நாம் கேட்கவில்லை. பெரியம்மாவின் முகம் மட்டும் கறுத்ததைக் கண்டோம்.

மறுநாட் காலை ஒரு படிவம் தந்தார்கள். அதில் ஒரு கேள்வி: உடலினுள் ஏதேனும் கருவி பொருத்தப்பட்டுள்ளதா? பேனை எம் கையில். பெரியம்மா எம் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டு, "இல்லையெண்டு எழுது மனே. சொன்னா அனுப்பிப் போடுவாங்க. அம்மாள் பாத்துக்கொள்ளுவா" என்றார்.

நாம் எழுதினோம்: 'இல்லை'.

வாசகர் கேட்கலாம், அறியாமையாற் செய்தோமா என்று. இல்லை, அறிந்தே செய்தோம். மணிக்கூட்டுக்கு என்ன நேரும் என்பது எமக்குத் தெரியாது. ஆனால் ஏதோ நேரக்கூடும் என்பதனாலேயே கேட்கிறார்கள் என்பது தெரியும். காலதாமதத்தை அஞ்சினோம், திருப்பி அனுப்பப்படுவதை அஞ்சினோம், அந்த அச்சத்தின்முன் எமது கல்வி வாய் திறக்கவில்லை. ஒப்பமும் இட்டோம்.

சிகிச்சைக்கு முன்னர் தலையும் கழுத்தும் அசையாதிருக்க நோயாளியின் முகத்துக்கேற்ப ஒரு வலைமூடி செய்வார்கள். அதற்காகப் பெரியம்மாவைப் படுக்கவைத்துத் தோள்வரை ஆடையை விலக்கிய இளம் பெண்ணொருத்தி, எம்மை உள்ளே அழைத்தாள். எம்மிடம் படித்துச் சென்ற பிள்ளைகளின் வயதே இருக்கும். இடத்தோளின் கீழிருந்த மேட்டையும் தழும்பையும் காட்டி, "சேர், இது என்ன?" என்றாள். கையிற் படிவம் இருந்தது. எமது கையெழுத்தும் அதில் இருந்தது. வகுப்பறையிற் பொய் சொல்லி அகப்பட்ட மாணவர் எத்தனையோ பேரை நாம் கண்டிருக்கிறோம். அவர்கள் ஏன் தரையைப் பார்க்கிறார்கள் என்பது அன்றுதான் விளங்கிற்று.

அவள் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. வேலையை நிறுத்திவிட்டு வைத்தியரையும் மருத்துவ பௌதிகவியலாளரையும் அழைத்து வந்தாள். வைத்தியர் சொன்னார்: "இதற்காகச் சிகிச்சையை மறுக்கமாட்டோம். முதலிலேயே சொல்லியிருந்தால் வேண்டிய ஆயத்தங்களை இன்றே தொடங்கியிருப்போம். தெரியாமற் செய்வதுதான் ஆபத்து." பிறகு கேட்டார்: "கருவியின் அட்டை எங்கே?"

அட்டை ஆரையம்பதியில், இரும்புப் பெட்டிக்குள். பெட்டியின் சாவியோ பெரியம்மாவின் இடுப்புக் கயிற்றில். வீட்டிலிருந்த எமது மனைவியாருக்குத் தொலைபேசியில் விடயத்தைச் சொன்னோம். பூட்டை உடைக்க வேண்டும். பெட்டியிற் காணி உறுதி இருக்கிறது. தம் மகளுக்குக் கொடுக்கவிருக்கும் வளையல்கள் இருக்கின்றன. முப்பதாண்டாக அப்பெட்டியை வேறொருவர் திறந்ததில்லை. பெரியம்மா சிறிது நேரம் பேசாதிருந்தார். பின், "உடைக்கச் சொல்லு மனே" என்றார். அடுத்த வீட்டுத் தச்சர் வந்து பூட்டை உடைத்தார். அரைமணி நேரத்தில் அட்டையின் இருபுறமும் படமாக எம் கைத்தொலைபேசிக்கு வந்து சேர்ந்தன.

அன்றைய பிற்பகலில் அந்தப் பௌதிகவியலாளர் எம்மை இருத்திப் பொறுமையாக விளக்கியவற்றையும், பின்னர் நாம் தேடிக் கற்றவற்றையும் எளிமையாகச் சொல்ல முயல்கிறோம்.

உடலுக்குள் முழுமையாகப் பொருத்தப்பட்ட முதலாவது பேஸ்மேக்கர், 1958ஆம் ஆண்டு ஒக்டோபர் 8ஆந் திகதி, சுவீடன் நாட்டின் ஸ்டொக்ஹோம் நகரில் ஆர்னே லார்சன் என்பவருக்கு வைக்கப்பட்டது. சத்திரசிகிச்சை செய்தவர் ஓக்கே சென்னிங். கருவியை ஆக்கியவர் ரூனே எல்ம்குவிஸ்ட் என்னும் பொறியியலாளர். முதற் கருவி சில மணி நேரமே உழைத்தது. பின்னர் ஒன்றன்பின் ஒன்றாக இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றி மாற்றி அணிந்து லார்சன் நாற்பத்து மூன்று ஆண்டுகள் வாழ்ந்தார். தம்மைக் காத்த வைத்தியரும் பொறியியலாளரும் மறைந்த பின்னும் அவர் இருந்தார். 2001ஆம் ஆண்டு இறுதியில் தமது 86ஆம் வயதில் அவர் இறந்தது இதய நோயால் அன்று. தோலில் எழுந்த புற்றுநோயால். இச்செய்தி எம்மை நெடுநேரம் சிந்திக்கவைத்தது. இதயத்தை வென்று நீண்டகாலம் வாழ்வோர்க்கு முதுமையிற் புற்று வருவது புதுமையன்று. ஆகவே இவ்விரண்டும் ஓருடம்பிற் சந்திப்பதும் அரிதன்று. இனி இன்னும் மிகும்.

தொடக்க காலக் கருவிகளில் ஒரு சில திரான்சிஸ்டர்களே இருந்தன. கதிர் பட்டாலும் அவை பெரும்பாலும் தாங்கின. 1970களின் பின் நுண்ணிய சிலிக்கன் சில்லுகள் வந்தன. கருவி சிறிதாயிற்று, மின்கலம் நெடுநாள் உழைத்தது, அறிவும் மிகுந்தது. கூடவே கதிருக்கு நொய்தாகவும் ஆயிற்று. சில்லினுள்ளே மின்காப்பாக உள்ள மெல்லிய படையிற் கதிர் பாயும்போது மின்னேற்றங்கள் உண்டாகி அங்கேயே தங்கிவிடுகின்றன. ஒவ்வோர் அமர்விலும் சிறிது சிறிதாகச் சேர்ந்து, ஒரு கட்டத்திற் சுற்று பிசகக்கூடும். ஓலைக்கூரையின் ஒழுக்கு ஒரு நாள் மழையில் வளையை உக்கச் செய்வதில்லை. மாரி முழுவதும் ஒழுகினால் உக்கச் செய்யும் அல்லவா?

மற்றொன்று நியூத்திரன். கதிர்ச் சிகிச்சைக்குரிய நேர்கோட்டு ஆர்முடுக்கி என்னும் இயந்திரம் 10 மெகாவோல்ற்றுக்கு மேற்பட்ட வலுவில் இயங்கும்போது, அதன் தலைப்பகுதியிலுள்ள பாரமான உலோகங்களிலிருந்து நியூத்திரன்கள் தெறிக்கின்றன. கருவியின் சில்லிற் போரன் என்னும் மூலகம் இருப்பின், அது நியூத்திரனைப் பற்றிக்கொண்டு உடைந்து, அவ்விடத்தே எழுதப்பட்டிருந்த கட்டளை ஒன்றை மாற்றிவிடக்கூடும். அப்போது கருவி தன் அமைப்பை இழந்து, தொழிற்சாலையில் வைத்த அவசர நிலைக்குத் திரும்பிவிடலாம். இது கதிர்க்கற்றை கருவியின் மீது நேரே படாதபோதும் நிகழலாம் என்பதே கவனிக்க வேண்டியது.

ஆதலின் மூன்று கேள்விகளுக்கு விடை காணவேண்டும். கருவியின்மேல் எவ்வளவு கதிர் படும்? கதிரின் வலு எவ்வளவு? நோயாளியின் இதயம் கருவி இன்றித் தானே துடிக்கவல்லதா? அமெரிக்க மருத்துவ பௌதிகவியலாளர் சங்கம் 1994ஆம் ஆண்டில், பேஸ்மேக்கரின்மேல் மொத்தம் 2 கிறேக்கு மேற் படலாகாது என்று அறிவுறுத்திற்று. கிறே என்பது உடல் உறிஞ்சும் கதிரின் அலகு. 2019ஆம் ஆண்டு அதே சங்கம் வெளியிட்ட புதிய அறிக்கையில் 5 கிறே என்னும் அளவும், நியூத்திரன் உண்டாகும் வலுவா என்பதும் ஆபத்தைப் பிரித்தறியும் எல்லைகளாயின. கூடியவரை 10 மெகாவோல்ற்றுக்குட்பட்ட வலுவைக் கையாள்வதும், கருவியை நேர்க்கற்றையில் அகப்படாது காப்பதும் யாவர்க்கும் ஒத்த விதி. புற்று கருவியின் அடியிலேயே இருந்தால் மட்டும், அதனை மறுபுறத் தோளுக்கு மாற்றுவதா என்று இருதுறை வைத்தியரும் கூடி ஆலோசிப்பர்.

பெரியம்மாவின் இதயமோ கருவியையே முற்றாக நம்பியிருந்தது. அட்டையிலிருந்த விவரங்களைக் கொண்டு இதயப் பிரிவினர் கருவியைப் பரிசோதித்துச் சொன்ன செய்தி அது. மேலுமொருமுறை எமது 'இல்லை' எம்மைச் சுட்டது. கருவி பிசகியிருந்தால் அவருக்கு மாற்றுத் துடிப்பு இல்லை.

இரண்டாந் தடவை கணினி வரைவு எடுத்து, 6 மெகாவோல்ற்று வலுவையே தெரிந்து, கற்றைகள் கருவியை விட்டு விலகுமாறு சிகிச்சைத் திட்டத்தை அமைத்தார்கள். சிதறி வந்து கருவியின்மேல் விழக்கூடிய கதிரைக் கணக்கிட்டபோது, 35 அமர்வுகளுக்கும் சேர்த்து 2 கிறேயை அது எட்டவில்லை. முதல் நாளன்று கருவியிருந்த தோலின்மேல் ஒரு சிறிய கதிரளவியை ஒட்டி, கணக்கும் அளவும் ஒத்திருப்பதைச் சரிபார்த்தார்கள். ஒவ்வோர் அமர்விலும் கண்ணாடிக்கு அப்பால் அவரது நாடித்துடிப்பைத் திரையிற் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பேச்சும் கேட்கும் வசதி உண்டு. வாரந்தோறும் கருவியைச் சோதித்தார்கள். தாமதம் எவ்வளவு தெரியுமா? ஆறே நாட்கள். இந்த ஆறு நாட்களுக்கு அஞ்சியே நாம் பொய் எழுதினோம்.

ஊர் திரும்பிய பின்னும் ஒரு சங்கடம் எழுந்தது. உறவினர் சிலர், கதிர் பிடித்த உடம்பென்று சொல்லிப் பேரப்பிள்ளைகளை அவரண்டையில் விடாது தடுத்தனர். வெளியிலிருந்து இயந்திரம் செலுத்தும் கதிர், விளக்கை அணைத்ததும் வெளிச்சம் மறைவதுபோல் இயந்திரம் நின்றதும் இல்லையாகிவிடும், உடம்பிற் தங்காது, பிறரைத் தொடாது. கதிர் வீசும் பொருளை உடலுக்குள்ளேயே வைத்துச் செய்யும் சிகிச்சைகள் வேறு. அவற்றுக்குரிய கட்டுப்பாடுகளை வைத்தியரே சொல்வர். இதனைக் கேட்டறிந்து, இம்முறை நாம் வீடுவீடாகச் சென்று உரக்கவே சொன்னோம். மறைத்த வாய்க்கு அது ஒரு பிராயச்சித்தம்.

இக்கட்டுரையைப் படிக்கும் குடும்பங்களுக்கு எமது வேண்டுகோள் இதுவே. வீட்டிலுள்ள முதியவர் எவருக்கேனும் இதயக் கருவி பொருத்தப்பட்டிருந்தால், அதன் அட்டையைப் பெட்டியில் வையாதீர்கள், பையில் வையுங்கள். இருபுறத்தையும் படமெடுத்துப் பிள்ளைகளின் தொலைபேசிகளிலும் சேமியுங்கள். கதிர்ச் சிகிச்சை என்ற பேச்சு எழும் முதல் நாளிலேயே கருவி உண்டென்று சொல்லுங்கள். ஒருவரிடம் சொன்னால் மற்றவர்க்குத் தெரியும் என்று இராமல், இதய வைத்தியருக்குப் புற்றையும், புற்றுநோய் வைத்தியருக்குக் கருவியையும் நீங்களே தெரிவியுங்கள். எமது பெரியம்மாவுடன் வந்த கடிதமும் தொண்டையைப் பற்றி மட்டுமே பேசிற்று. துடிப்பு தாறுமாறாகும்போது அதிர்ச்சி கொடுத்து உயிர்காக்கும் மற்றொரு வகைக் கருவியும் உண்டு. அதனை அணிந்தோர்க்கு இன்னும் கூடிய கவனிப்பு வேண்டும். சிகிச்சைக் காலத்தில் தலைசுற்றல், மயக்கம், மூச்சு முட்டல், நெஞ்சுப் படபடப்பு எது தோன்றினும் அடுத்த அமர்வுவரை காத்திராது சொல்லுங்கள். சிகிச்சை முடிந்த பிறகும் சில மாதங்கள் கருவியைச் சோதிப்பிக்கத் தவறாதீர்கள். சில கோளாறுகள் பிந்தியும் தோன்றலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, கருவியைக் காரணங்காட்டிச் சிகிச்சையை நீங்களாகக் கைவிடாதீர்கள்.

பெரியம்மா இன்று வீட்டில் இருக்கிறார். வெற்றிலை வட்டா பரணுக்குப் போய்விட்டது. குரல் சற்றுக் கரகரக்கிறது. உணவு குழைந்திருக்க வேண்டும். ஒழுங்காகப் பரிசோதனைக்குச் செல்கிறோம். ஒவ்வொரு முறையும் படிவம் தருவார்கள். பேனையை நாம் எடுக்கும்போது அவர் எம் மணிக்கட்டைப் பற்றுவது இன்னும் மாறவில்லை. சொல் மட்டும் மாறியிருக்கிறது.

"எல்லாத்தையும் எழுது மனே" என்கிறார்.

உடைந்த பூட்டுக்குப் பதில் வேறு பூட்டு இன்னும் வாங்கவில்லை.